காவலன் இல்லாத பெருந்தெரு

ஒரு பழைய நாற்சார் வீட்டின் கூரையைப் பிரித்தெடுத்து, முப்பது மைலுக்கு அப்பாலுள்ள வேறோர் ஊரிலே அதையே மீண்டும் ஏற்றவேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கூரை முழுவதையும் ஒரே வண்டியில் ஏற்ற இயலாது. ஆகவே தச்சர் ஒவ்வொரு தீராந்தியிலும் ஒவ்வொரு சலாகையிலும் உளியால் ஓர் இலக்கத்தைப் பொறிக்கிறார். மரங்கள் பல மாட்டுவண்டிகளில் ஏறுகின்றன. வண்டிக்காரர் எவருக்கும் முழு வழியும் தெரியாது. போய்ச் சேரவேண்டிய ஊரின் பெயர் மாத்திரம் தெரியும். ஒவ்வொரு சந்தியிலும் நிறுத்தி, எந்தப் பக்கம் போவது என்று கேட்கிறார்கள். சந்தியில் நிற்பவர் அடுத்த சந்திக்குச் செல்லும் தெருவைக் காட்டுவார். அதற்கப்பால் அவருக்கும் தெரியாது. ஒரு தெருவில் வெள்ளமென்றால் வேறு தெரு. முதலிற் புறப்பட்ட வண்டி கடைசியில் வந்து சேரலாம். ஒரு வண்டி அச்சு முறிந்து வழியிலேயே நின்றுவிடவும் கூடும். மறு ஊரிலே காத்திருக்கும் தச்சர், வந்த மரங்களை இலக்கப்படி அடுக்கிப் பார்த்து, பதினேழாம் இலக்கச் சலாகை வரவில்லை என்று சொல்லியனுப்ப, இங்கிருப்பவர் அதே அளவில் இன்னொன்று அறுத்து அனுப்புகிறார். கூரை ஏறிவிடுகிறது.

இணையம் என்று இன்று உலகமெங்கும் வழங்கும் கணினி வலையமைப்பு இயங்குவது ஏறக்குறைய இவ்வாறேதான். வழியில் நின்றவர் எவரும் எதற்கும் உறுதி கூறவில்லை என்பதும், கூரை குறைவின்றி வந்து சேர்ந்தமைக்குக் காரணம் இரு முனைகளிலும் நின்ற இரண்டு தச்சர்களே என்பதும் இங்கே கவனிக்கற்பாலன. ஆயின், எல்லா ஊர்த் தச்சர்களும் ஒரே நாளில் வண்டி கட்டித் தெருவே அடைபட்டுப் போனால் செய்வது என்ன? இணையத்தை அமைத்தவர்கள் மற்றவற்றுக்கெல்லாம் நேர்த்தியான விடை கண்டார்கள். இந்த ஒரு கேள்வியை மாத்திரம் போதிய அளவு எண்ணிப் பார்க்கவில்லை. அதன் பலனை 1986ஆம் ஆண்டிலே கண்டார்கள்.

தொலைபேசியின் பழைய முறை இதற்கு நேர்மாறானது. ஒருவர் மற்றொருவரை அழைத்ததும், இருவருக்குமிடையே ஒரு மின்வழி முழுமையாக இணைக்கப்பட்டு, பேச்சு முடியும் வரையில் அவர்களுக்கே உரியதாய் ஒதுக்கப்பட்டிருக்கும். இருவரும் பேசாதிருந்தாலும் அந்த வழியில் வேறெவரும் புக முடியாது. மனிதர் பேச்சுக்கு இது பொருந்தும். கணினியின் பேச்சோ வேறுவிதமானது. அது ஒரு கணம் பெருமழைபோற் கொட்டும். பின்னர் நெடுநேரம் வாய்மூடியிருக்கும். அதற்கென்று ஒரு கம்பியை ஒதுக்கி வைப்பது, பத்து நிமிட மழைக்காக ஓர் ஆற்றை ஒருவருக்கு எழுதிக் கொடுப்பதை ஒக்கும்.

1960களில் ஒருவரையொருவர் அறியாத இருவர் இதற்கு மாற்று வழியைக் கண்டனர். அமெரிக்காவிலே ராண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த பவுல் பாரன், அணுகுண்டுத் தாக்குதலில் பல நிலையங்கள் அழிந்த பின்னும் எஞ்சிய நிலையங்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ள வழி தேடினார். இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தைச் சேர்ந்த டொனால்ட் டேவிஸ் என்பவருக்கோ யுத்தம் பற்றிய கவலை இருக்கவில்லை. கணினியைப் பலர் ஒரே வேளையில் பயன்படுத்த வேண்டும் என்பதே அவருடைய கவலை. இருவரும் வந்து சேர்ந்த முடிவு ஒன்றே. செய்தியைச் சிறு சிறு துண்டுகளாக்கி, ஒவ்வொன்றிலும் முகவரி பொறித்துத் தனித்தனியே அனுப்புக என்பதே அம்முடிவு. அத்துண்டுக்குப் பொதி என்று பொருள்படும் பெயரைச் சூட்டியவர் டேவிஸ். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெற் அணுகுண்டுக்கு அஞ்சிக் கட்டப்பட்டது என்ற கதை இன்றும் பலவிடத்துச் சொல்லப்படுகிறது. அது சரியன்று. விலைமிகுந்த கணினிகளைப் பல பல்கலைக்கழகங்கள் பங்கிட்டுக்கொள்ளவே அது கட்டப்பட்டது.

1969ஆம் ஆண்டு ஒற்றோபர் 29ஆந் திகதி இரவு, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரப் பல்கலைக்கழகத்திலிருந்து சார்லி கிளைன் என்ற மாணவர், ஏறக்குறைய 350 மைல் தொலைவிலிருந்த ஸ்ரான்ஃபோட் ஆராய்ச்சி நிலையத்துக் கணினியுள் நுழைவதற்கான சொல்லைத் தட்டத் தொடங்கினார். முதலெழுத்தாகிய 'எல்' சென்றது. 'ஓ' சென்றது. 'ஜி' என்ற எழுத்தைத் தட்டியதும் மறுமுனையிலிருந்த யந்திரம் நிலைகுலைந்து நின்றுவிட்டது. சிறிது நேரத்தின் பின் மீண்டும் முயன்று வெற்றி பெற்றார்கள். ஆயினும் அந்த வலையமைப்பில் முதன்முதற் சென்ற செய்தி இரண்டே எழுத்துக்கள்தாம்.

சில ஆண்டுகளில் வேறு வலையமைப்புகளும் தோன்றின. வானொலி அலையிற் பொதிகளை அனுப்புவது ஒன்று. செயற்கைக் கோள் வழியே அனுப்புவது இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் வேகம் வேறு, பொதியின் அளவு வேறு, பழுது நேரும் விதமும் வேறு. இவற்றையெல்லாம் ஒன்றாக இணைப்பது எங்ஙனம்? ஒவ்வொரு வலையமைப்பையும் திருத்தி ஒரே அச்சில் வார்க்க முயன்றிருந்தால் காரியம் நடந்திராது. வின்ற் சேர்வ், றொபேட் கான் என்ற இருவர் 1974ஆம் ஆண்டு மே மாதத்தில் வெளியிட்ட கட்டுரையில் வேறு வழி கூறினார்கள். வலையமைப்புகள் தத்தம் இயல்பிலேயே இருக்கட்டும். அவற்றிடமிருந்து மிகக் குறைந்த ஒன்றை மாத்திரம் எதிர்பார்ப்போம். பொதியைப் பெற்று இயன்றவரை முன்னே தள்ளிவிடுவதே அது. மீதிப் பொறுப்பு முனைகளில் உள்ள கணினிகளுடையது. இதுவே அவர்கள் கொள்கை.

1977ஆம் ஆண்டு நவம்பர் 22ஆந் திகதி இக்கொள்கை சோதனைக்கு உள்ளாயிற்று. கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு அண்மையில் பெருந்தெருவிலே ஓடிக்கொண்டிருந்த ஒரு வாகனத்திலிருந்து பொதிகள் வானொலி அலையாகப் புறப்பட்டன. தரைக் கம்பியிற் புகுந்தன. செயற்கைக் கோள் வழியே ஐரோப்பாவுக்குச் சென்று, மீண்டும் அமெரிக்கா வந்து, அதே கலிபோர்னியாவின் தென்பகுதியில் இருந்த கணினியை அடைந்தன. நேரே போய் வந்தால் 800 மைல். பொதிகள் போய் வந்ததோ 94,000 மைல். ஒரு பிற்றும் இழக்கப்படவில்லை என்று சேர்வ் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். பிற்று என்பது கணினி மொழியின் மிகச் சிறிய அலகு. சுழியம் அல்லது ஒன்று. எட்டுப் பிற்றுக்கள் சேர்ந்தது ஒரு பைற்று.

கணினிகள் தமக்குள் உரையாடுவதற்கு வகுத்துக்கொண்ட ஒழுங்கையே புரோட்டோகால் என்றும் நெறிமுறை என்றும் வழங்குவர். யார் முதலிற் பேசுவது, எந்த இடத்தில் எந்த எண்ணை எழுதுவது, விடை வராவிடின் யாது செய்வது என்பனவெல்லாம் அதில் அடங்கும். இணையத்தின் அடிநிலை நெறிமுறை ஐ.பி. எனப்படும். பொதியொன்றின் தலைப்பிலே குறைந்தது இருபது பைற்றுக்கள் இந்நெறிமுறைக்கு உரியவை. அனுப்பியவர் முகவரி, பெறுபவர் முகவரி, உள்ளே இருப்பது எவ்வகைச் சரக்கு என்பதற்கு ஓர் எண், தலைப்பிலே எழுத்துப் பிழை உண்டா என்று அறிய ஒரு கூட்டுத்தொகை ஆகியன அங்கே காணப்படும்.

இவற்றோடு இன்னோர் எண்ணும் உண்டு. அதனைப் பொதியின் ஆயுள் எனலாம். சந்திகளில் நின்று வழிகாட்டும் யந்திரத்துக்கு ரவுட்டர் என்று பெயர். ஒவ்வொரு ரவுட்டரும் பொதியைக் கடத்தும்போது அதன் ஆயுளில் ஒன்றைக் குறைத்துவிடும். ஆயுள் சுழியமானால் பொதி அங்கேயே கைவிடப்படும். கொடுமையான விதிபோல் இது தோன்றலாம். ஆயின், இரண்டு ரவுட்டர்கள் தவறுதலாக ஒன்றையொன்று சுட்டிக் காட்டிக்கொண்டு நின்றால், இவ்விதி இல்லாவிடத்துப் பொதி அவ்விரண்டுக்குமிடையே முடிவின்றி அலைந்துகொண்டேயிருக்கும். அங்ஙனம் அலையும் பொதிகள் பெருகினால் வழியே நிரம்பிவிடும். இந்த எண் 255க்கு மேற்போகாது. உலகின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குச் செல்வதற்குப் பெரும்பாலும் முப்பது சந்திகளுக்குள்ளேயே போதுமாயிருப்பதால் இது தாராளமான ஆயுளேயாகும்.

ரவுட்டர் எதனை அறியும்? இன்ன முகவரிகளுக்குரிய பொதிகளை இன்ன பக்கம் தள்ளுக என்ற பட்டியல் ஒன்றை அது வைத்திருக்கிறது. அப்பட்டியலோ அயலிலுள்ள வலையமைப்புகள் தாமாகவே சொல்லி அனுப்பும் செய்திகளால் உருவாவது. அயலவர் சொல்வதை நம்புவதே வழக்கம். 2008ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆந் திகதி பாகிஸ்தானிலே, அந்நாட்டு மக்கள் யூரியூப் தளத்தைக் காணாதபடி தடுக்க வேண்டும் என்ற உத்தரவு வந்தது. அதனை நிறைவேற்றப் புகுந்த தொலைத்தொடர்பு நிறுவனம், யூரியூப்பின் முகவரிகளுக்கு வழி தன்னிடமே உள்ளது என்ற அறிவித்தலை நாட்டுக்குள் நிறுத்தாது வெளியிலும் விட்டுவிட்டது. அயல் வலையமைப்பு நம்பியது. அதன் அயலும் நம்பியது. உலகின் பெரும் பகுதியிலிருந்து யூரியூப்புக்குச் சென்ற பொதிகள் பாகிஸ்தானை நோக்கித் திரும்பி அங்கே மறைந்தன. நிலைமை சீராக ஏறக்குறைய இரண்டு மணி நேரம் சென்றது. இதன் பின்னர் அறிவித்தலின் உண்மையைக் கையொப்பங்கொண்டு சரிபார்க்கும் முறைகள் வந்து பரவிவருகின்றன.

முகவரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐ.பி. நெறிமுறையின் நான்காம் பதிப்பில் முகவரிக்கு 32 பிற்றுக்களே ஒதுக்கப்பட்டன. அவற்றால் 429 கோடிக்குச் சற்று மேற்பட்ட முகவரிகளே கிடைக்கும். 1970களில் அது வற்றாத கடலாகத் தோன்றியது. உலகப் பொதுக் களஞ்சியத்திலிருந்த கடைசித் தொகுதிகள் 2011ஆம் ஆண்டு பெப்ரவரியில் பங்கிடப்பட்டுத் தீர்ந்தன. 128 பிற்று முகவரி கொண்ட ஆறாம் பதிப்பு நெடுநாளாய் வந்திருந்தும், பழையதும் புதியதும் இன்றும் அருகருகே நடக்கின்றன.

இனி முனைகளில் நிற்கும் தச்சர்களைப் பார்ப்போம். அவர்களுடைய நெறிமுறைக்கு ரி.சி.பி. என்று பெயர். இரண்டு கணினிகள் பேசத் தொடங்குமுன் மூன்று சிறு செய்திகள் பரிமாறப்படுகின்றன. பேசலாமா என்று ஒன்று கேட்கும். பேசலாம், என் குரல் கேட்கிறதா என்று மற்றது கேட்கும். கேட்கிறது என்று முதலாவது விடை கூறும். அதன் பின்னரே சரக்கு புறப்படும். அனுப்பப்படும் ஒவ்வொரு பைற்றுக்கும் வரிசை எண் உண்டு. பெறுகின்ற கணினி, இன்ன எண் வரை குறைவின்றி வந்து சேர்ந்தது என்று பற்றுச்சீட்டு அனுப்பிக்கொண்டேயிருக்கும். குறித்த நேரத்துள் பற்றுச்சீட்டு வராவிட்டால், அனுப்பியவர் அப்பகுதியை மறுபடி அனுப்புவார். ஒவ்வொரு பொதிக்கும் பற்றுச்சீட்டு வரும்வரை கைகட்டி நின்றால் காலம் வீணாகுமாதலால், ஒரே வேளையில் பல பொதிகள் வழியில் இருக்க இடமளிக்கப்படுகிறது. அத்தொகைக்குச் சாளரம் என்று பெயர். பெயர் சிறிதாயினும் பின்னர் நேர்ந்த பெருந்துன்பத்துக்கும் அதன் பரிகாரத்துக்கும் இச்சாளரமே நிலைக்களன்.

அளவு தெரியவேண்டுமாயின் ஓர் உதாரணம் சொல்லலாம். பொதுவாக ஒரு பொதி 1500 பைற்றுக்களுக்கு மேற்படுவதில்லை. இன்றைய முறைப்படி ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைற்றுக்கள் வேண்டும். 'கு' என்ற எழுத்து, ககரமும் உகரக் குறியுமாக இரண்டு குறிகளாய்ப் பதிவாவதால் அதற்கு ஆறு. இப்பேச்சு முழுவதையும் எழுத்து வடிவில் அனுப்புவதற்கு நாற்பது ஐம்பது பொதிகளே போதும்.

முதலில் இவ்விரு நெறிமுறைகளும் ஒன்றாகவே இருந்தன. அவற்றைப் பிரிக்கக் காரணமாயிருந்தது மனிதக் குரல். 1970களில் டானி கோகென் முதலிய ஆராய்ச்சியாளர் வலையமைப்பின் வழியே பேச்சை அனுப்ப முயன்றனர். பேச்சிலே தவறிப்போன ஒரு துண்டை மறுபடி வரவழைப்பதாற் பயனில்லை. அது வந்து சேர்வதற்குள் வாக்கியமே முடிந்துவிடும். யாழ்ப்பாணத்திலிருக்கும் தாயொருத்தி ரொறன்ரோவிலிருக்கும் மகனோடு இணையத்தின் வழியே பேசுகையில், கண்ணாடி இழையினுள் ஒளி விநாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீற்றர் வேகத்திற் சென்றாலும், குரல் ஒரு முனையிலிருந்து மறுமுனை சேர விநாடியில் பத்தில் ஒரு பங்களவு கழிந்துவிடும். தவறிய துண்டைக் கேட்டு வாங்குவதென்றால் அதன்மேல் இருமடங்கு நேரம். ஓர் எழுத்து நழுவினால் 'தம்பி, என்ன சொன்னனீ?' என்று தாயே கேட்டுக்கொள்வாள். யந்திரம் இடையிற் புகவேண்டியதில்லை. ஆதலால் 1978இல் நெறிமுறை இரண்டாகப் பிரிந்தது. பொதியைச் செலுத்துவது ஐ.பி.; குறைவின்றிச் சேர்ப்பது ரி.சி.பி. குறையைப் பொருட்படுத்தாது விரைவை நாடுவோருக்காக யு.டி.பி. என்ற எளிய நெறிமுறையும் 1980இல் எழுதப்பட்டது. பழைய முறையிலிருந்து ஆர்ப்பாநெற் முற்றாக இப்புதிய முறைக்கு மாறிய நாள் 1983ஆம் ஆண்டு ஜனவரி முதலாந் திகதி.

மூன்றாண்டுகள் கடந்தன. இணைந்த கணினிகள் பெருகின. 1984ஆம் ஆண்டிலேயே ஜோன் நேகல் என்பவர், இவ்வமைப்பு நெரிசலால் நிலைகுலையக்கூடும் என்று எழுதி எச்சரித்திருந்தார். 1986ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதத்தில் அது நேர்ந்தேவிட்டது.

கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழகமும் லோறன்ஸ் பெர்க்லி ஆய்வுகூடமும் அயலயலே உள்ளவை. இடையே 400 யார் தூரம். விநாடிக்கு 32,000 பிற்றுக்களைக் கடத்திவந்த அவ்விணைப்பு, திடீரென்று விநாடிக்கு 40 பிற்றுக்கள் என்ற நிலைக்கு வீழ்ந்தது. மேலே கண்ட கணக்கின்படி, 'கு' என்ற ஒற்றை எழுத்துப் போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேற் செல்லும். பெரிய பொதியொன்று சேர ஐந்து நிமிடம்! அந்நேரத்திற்குள் ஒரு பையன் காகிதக் கட்டைக் கையிலெடுத்துக்கொண்டு அத்தூரத்தை நடந்தே கடந்துவிடுவான். கம்பி அறுபடவில்லை. யந்திரம் பழுதாகவில்லை. எல்லாம் இயங்கிக்கொண்டிருந்தன, முன்னையிலும் மும்முரமாக இயங்கிக்கொண்டிருந்தன. அதுவே நோயாயிற்று.

நடந்தது யாதெனில், ஒரு தபாற் கந்தோரிலே கடிதங்கள் குவிந்துவிட்டன என்று கொள்ளலாம். விடை வரவில்லையே என்று ஒருவர் அதே கடிதத்தை மறுபடியும் எழுதிப் போடுகிறார். அவருடைய முதற் கடிதம் தொலைந்துவிடவில்லை. அதே குவியலின் அடியிற் கிடக்கிறது. இப்போது இரண்டாயிற்று. ஊரிலுள்ள ஒவ்வொருவரும் இவ்வாறே செய்தால், தபாற்காரர் நாள் முழுதும் ஓடி உழைத்தும், முன்னர் கொடுத்த கடிதங்களின் இரண்டாம் மூன்றாம் பிரதிகளையே சேர்த்துக்கொண்டிருப்பார். கணினிகள் செய்ததும் இதுவே. ரவுட்டரின் வாயிலிற் பொதிகள் வரிசையாகக் காத்திருந்தன. காத்திருந்தமையாற் பற்றுச்சீட்டுத் தாமதித்தது. தாமதத்தை இழப்பென்று எண்ணி அனுப்பியவர் மறுபடி அனுப்பினார். வரிசை மேலும் நீண்டது. ரவுட்டரின் கிட்டங்கி நிரம்பிப் பொதிகள் உண்மையாகவே கைவிடப்படலாயின. ஒவ்வொருவரும் தம் கடமையைச் சரிவரச் செய்தார்கள் என்பதே இதிலுள்ள வேதனை.

ஆய்வுகூடத்தைச் சேர்ந்த வான் ஜேக்கப்சன், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மைக்கல் கரல்ஸ் ஆகிய இருவரும் இதனை ஆராய்ந்தனர். ரவுட்டர்களைப் பெரிதாக்கலாம், பாதையை அகலமாக்கலாம், ஒவ்வொருவருக்கும் பங்களந்து கொடுக்கும் தலைமை நிலையம் ஒன்றை ஏற்படுத்தலாம் என்றெல்லாம் எவருக்கும் தோன்றக்கூடும். அவர்களோ வழியில் எதையும் மாற்றவில்லை. முனைகளில் நின்ற கணினிகளின் நடத்தையையே மாற்றினார்கள். வழியில் நெரிசல் உண்டென்று சொல்ல யாருமில்லை. ஆயினும் தவறிப்போன பொதியே அச்செய்தியைச் சொல்கிறது. முன்னெல்லாம் பொதி தவறினால், மறுபடி அனுப்பு என்பது பொருள். இனிமேல், மறுபடி அனுப்பு, அத்துடன் உன் வேகத்தைக் குறை என்பது பொருள். அவர்கள் கண்ட மருந்தின் சாரம் இவ்வளவே.

அதன் விவரம் பின்வருமாறு. புதிதாகப் பேசத் தொடங்கும் கணினி ஒரே ஒரு பொதியை அனுப்பிப் பார்க்கும். பற்றுச்சீட்டு வந்தால் இரண்டு, அவையும் சேர்ந்தால் நான்கு, பின் எட்டு. இதற்கு மெதுவான தொடக்கம் என்று பெயரிட்டார்கள். பெயர் பொருத்தமில்லை; பத்தாவது சுற்று முடியும்போது தொகை ஆயிரத்தைத் தாண்டிவிடுமே! முன்னிருந்த முறையில் எல்லாப் பொதிகளும் ஒரேயடியாகக் கொட்டப்பட்டன. அதனோடு ஒப்பிட்டாலே இது மெதுவானது. குறித்த எல்லையை அடைந்ததும் இரட்டிப்பது நின்று, சுற்றொன்றுக்கு ஒரு பொதி வீதம் தயக்கத்தோடு கூடும். பொதியொன்று தவறினால் சாளரம் பாதியாகக் குறைக்கப்படும். பின்னர் மீண்டும் ஒவ்வொன்றாய்க் கூடும். பற்றுச்சீட்டுக்காக எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதையும், சராசரி நேரத்தை மாத்திரமன்றி, அது எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதையும் கணித்துத் தீர்மானிக்கும்படி செய்தார்கள். காத்திருப்பவனைத் தொலைந்தவன் என்று எண்ணும் தவறு அதனாற் குறைந்தது.

கூடும்போது ஒவ்வொன்றாகவும் குறையும்போது பாதியாகவும் ஏன் இருக்கவேண்டும்? இதிலே ஓர் அழகு இருக்கிறது. ஒரே வழியை இருவர் பயன்படுத்துகின்றனர். அவ்வழி 80 பொதிகளைத் தாங்கும். முன்னரே வந்தவர் 60ஐயும் பின்னர் வந்தவர் 20ஐயும் பிடித்துக்கொண்டிருக்கின்றனர் என்று கொள்ளலாம். வழி நிரம்பிப் பொதிகள் தவறவே இருவரும் பாதியாகக் குறைக்கின்றனர். 30, 10. மீதமுள்ள இடம் 40. இருவரும் ஒரே வீதத்தில் ஏறுவதால் ஆளுக்கு 20 கூடுகிறது. 50, 30. மறுபடி நிரம்புகிறது, மறுபடி பாதி. 25, 15. மீண்டும் ஏறி 45, 35. இருவருக்குமிடையே 40 ஆக இருந்த வேறுபாடு 20 ஆகி, 10 ஆகிவிட்டது. இன்னும் சில சுற்றுக்களில் இருவரும் சமமாவர். இவர்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஒருவருடைய தொகை மற்றவருக்குத் தெரியாது. பங்கிட்டுக் கொடுக்க நடுவரும் இல்லை.

இப்புதிய முறை 1988ஆம் ஆண்டில் பெர்க்லி யூனிக்ஸ் மென்பொருளோடு சேர்த்து வெளியிடப்பட்டது. அதே ஆண்டில் இருவரும் தம் ஆராய்ச்சியைக் கட்டுரையாகவும் வெளியிட்டனர். கட்டளையிட்டு நடத்திய அதிகாரி எவருமில்லை. அம்மென்பொருளைப் பயன்படுத்தியோர் புதிய பதிப்பை ஏற்றுக்கொண்டனர்; பிறரும் அதனைப் பின்பற்றி எழுதினர். ரி.சி.பி. எழுதுவோர் இம்முறையைக் கைக்கொண்டே தீரவேண்டும் என்பது மறு ஆண்டில் விதியாகவும் எழுதப்பட்டது. விதி என்றாலும் மீறியவரைத் தண்டிக்க ஏற்பாடு இல்லை. அதன் பின்னர் இணையம் பல்லாயிரம் மடங்கு பெருகியும் 1986இல் நேர்ந்தது போன்ற பொதுச் சீர்குலைவு மீண்டும் நேரவில்லை.

இங்கே ஒரு சங்கடம் எழுவதை நேயர்கள் ஊகித்திருப்பர். விட்டுக்கொடுப்பவரோடு விட்டுக்கொடாதவர் ஒருவர் சேர்ந்தால் யாது நிகழும்? விட்டுக்கொடுப்பவர் பாதி பாதியாகத் தேய்ந்துபோவார். மற்றவர் இடத்தையெல்லாம் பிடித்துக்கொள்வார். மீறாமலே மிஞ்சுவதற்கும் வழியுண்டு. ஒரு கணினி ஒரே இடத்துக்கு ஆறு இணைப்புகளைத் திறந்தால், ஒவ்வோர் இணைப்பும் ஒழுங்காக நடந்தும், அக்கணினிக்கு ஆறு பங்கு கிடைக்கும். இணையப் பக்கங்களைக் காட்டும் மென்பொருள்கள் பல ஆண்டுகள் இவ்வாறே செய்துவந்தன. யு.டி.பி. நெறிமுறையிலோ அடக்கம் என்பதே எழுதப்படவில்லை. அதைப் பயன்படுத்துவோர் தாமே தம் செயலியில் அதனை எழுதிக்கொள்ள வேண்டும். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் விதியாக வெளிவந்த குவிக் என்ற புதிய நெறிமுறை யு.டி.பி.யின் மேலே கட்டப்பட்டது. அதனை அமைத்தோர் நெரிசற் கட்டுப்பாட்டையும் மறவாமல் உள்ளே வைத்துள்ளனர்.

ஜேக்கப்சன் தந்த மருந்துக்கும் வயதாகிவிட்டது. கைத்தொலைபேசியில் வானொலி அலை ஒரு கணம் மங்கினாற்கூடப் பொதி தவறும். அது நெரிசலன்று, எனினும் கணினி வேகத்தைப் பாதியாக்கிவிடும். மற்றொரு பக்கத்தில், நினைவகம் மலிவானதால் ரவுட்டர்களிற் பெரும் கிட்டங்கிகள் வந்துவிட்டன. பொதிகள் அங்கே தவறாமல் நெடுநேரம் காத்துக் கிடப்பதால் நெரிசலின் செய்தி பிந்தியே வருகிறது. வீட்டில் ஒருவர் பெரிய படமொன்றை அனுப்பிக்கொண்டிருக்கையில் மற்றொருவருடைய பேச்சு இழுபட்டுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2016ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தைச் சேர்ந்தோர் வேறொரு முறையை வெளியிட்டனர். பொதி தவறும்வரை காத்திராது, பற்றுச்சீட்டுக்கள் வரும் வீதத்தையும் அவை போய்வர எடுக்கும் நேரத்தையும் அளந்து, வழியின் மிக ஒடுங்கிய இடம் எவ்வளவு தாங்கும் என்று கணித்து, அவ்வளவே அனுப்புவது அம்முறை. அதற்கு பி.பி.ஆர். என்று பெயர். அதனை எழுதியவர்களுள் வான் ஜேக்கப்சனும் ஒருவர். தாம் முப்பது ஆண்டுகளுக்கு முன் வகுத்த ஒழுங்கைத் தாமே மாற்றியெழுத முன்வந்தார் எனலாம். ஆயின் ஆராய்ச்சியாளர் இரண்டு முறைகளையும் ஒரே வழியில் ஓடவிட்டுச் சோதித்தபோது, பல சந்தர்ப்பங்களிற் புதிய முறை தனக்குரிய பங்கினும் மிகையாக எடுத்துக்கொள்வதையும், பழைய முறையில் நடப்போர் ஒதுங்கிப்போவதையும் கண்டனர். அதனைத் திருத்தி இரண்டாம் பதிப்பும், 2023இல் மூன்றாம் பதிப்பும் வெளிவந்தன. பழைய முறையின் வழிவந்தவை இன்னும் உலகின் எண்ணிறந்த கணினிகளில் இயங்கிக்கொண்டிருக்க, இரண்டும் ஒரே கம்பியில், ஒன்றையொன்று அறியாமலே, இடம் பங்கிட்டுச் சென்றுகொண்டிருக்கின்றன.